விளக்கணைக்காத வீடு

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொல்லுவார்கள். அது பாயில்லாமல் வெறுந்தரையில் சாய்கிறவனுக்குச் சொன்ன வாக்கு. ஏழெட்டு ஆள் உயரத்தில், பேரீச்சை மரத்து உச்சியில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடியே தூங்கிப்போனவனுக்கு என்ன வாக்கு சொல்வது? தாமிர் அப்படித்தான் தூங்கினான். அதுவும் பட்டப்பகலில். பக்கத்து மரத்தில் இருந்த ஷாக்கிர், கத்தி ஒன்று மட்டைகளில் தட்டித் தட்டிக் கீழே விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். தாமிரின் தலை நெஞ்சில் கிடந்தது. கையில் பிடித்த ஆண்பூச் சரம் பிடித்தபடி இருந்தது. கால் ரெண்டும் மட்டைக்குற்றியிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தன.

ஷாக்கிர் வாய் ஓயாத ஆள். மரத்தில் ஏறினாலும் பேசுவான், தொழுகைக்குக் கால் கழுவும்போதும் பேசுவான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுவான் என்கிற புத்தி அவனுக்கு இருந்தது. தன் மரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினான். தாமிர் இருந்த மரத்தில் கயிற்றைப் போட்டு ஏறி, முதல் காரியமாக அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அதற்கப்புறம்தான் காதுக்குள் சொன்னான்.

"மாப்பிள்ளை, விடிஞ்சிட்டுடே. எறங்கு."

நஹ்ர் மஷ்கூர் ஓடைக்கரையில் அது பாளை வெடிக்கிற பருவம். பெண்மரத்துப் பாளை வெடித்தால் ரெண்டு மூணு நாளைக்குள் ஆண்மரத்துப் பூச்சரத்தை அதற்குள் சொருகிக் கட்டியாக வேண்டும். தவறினால் அந்தக் குலை அந்த வருஷம் பதர்தான். தோப்பு பூராவும் சொல்லிவைத்ததுபோல வெடித்துக்கொண்டு நிற்கும். ஏறத் தெரிந்தவன் காய்ச்சல் என்றுகூடப் படுக்க முடியாது. விளைச்சலில் பங்குக்குத் தோப்பு பார்க்கிற தாமிர் மாதிரி ஆளுக்கு, இந்த ஒரு மாசத்து மரமேற்றத்தில்தான் வருஷச் சோறு இருக்கிறது. அவன் மரத்தில் தூங்குகிறான் என்றால் வீட்டுக்கு அதைவிடக் கேடு வேறென்ன.

ஷாக்கிர் அவனைத் தோணியில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முற்றத்தில் ரெண்டு பெண்கள் இருந்தார்கள். தாமிரின் மனைவி பத்ரிய்யா தந்தூர் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய அக்கா நஷ்மியா ஸபூர் மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் போனபிறகு தாமிரை வளர்த்து ஆளாக்கினது நஷ்மியாதான். புருஷனும் போய்ச் சேர்ந்தபிறகு தம்பி வீடே அவள் வீடு. பேச்சில் அவளுக்கு எதிர்ப்பேச்சு அந்த வீட்டில் கிடையாது, பத்ரிய்யா வருகிறவரைக்கும்.

"என்ன, நேரத்தோட வந்துட்டிய?" என்றாள் பத்ரிய்யா.

"உம்மு ஸல்வான், உம்ம வீட்டு ஆளை எண்ணி எடுத்துக்கிடும். கை ரெண்டு, கால் ரெண்டு, தலை ஒண்ணு. எல்லாம் சரியா இருக்கா?" என்றான் ஷாக்கிர். "இன்னைக்கு மரத்து மேல ஒறங்கிட்டாரு. நான் மட்டும் பக்கத்துல இல்லாமப் போயிருந்தா, எண்ணுததுக்குக் கூடையில்லா கொண்டு வந்திருக்கணும்."

ரொட்டியை அடுப்புச் சுவரில் அறைந்த கையைப் பத்ரிய்யா அங்கேயே மறந்துவிட்டாள். சுட்டபிறகுதான் எடுத்தாள். நஷ்மியா மீன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து தம்பியின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தலையிலிருந்து பாதம் வரைக்கும் பூமாவு அப்பி, இமையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த முகத்துக்குள் கண் ரெண்டும் சிவந்து கிடந்தன.

"ஒறங்கலக்கா. கண்ணை மூடி யோசிச்சேன்," என்றான் தாமிர்.

"கொறட்டை விட்டுல்ல யோசிச்சீரு," என்றான் ஷாக்கிர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே மகன் ஸல்வான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன்தான் எல்லாத்துக்கும் காரணம். பிறந்து ரெண்டு மாசம் ஆகப்போகிறது. செத்த பாம்பை அடித்தாலும் அசையும், பகல் பூராவும் இவன் அசைய மாட்டான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னால் போதும், கண்ணைத் திறப்பான். அப்புறம் விடியற்காலை சுபுஹு வரைக்கும் அழுகை. பால் கொடுத்தால் அஞ்சு நிமிஷம் வாய் மூடும். ஆட்டினால் பத்து நிமிஷம். வீடோ ஒற்றை அறை. நடுவில் ஒரு நாணல் தட்டி. மார்ச் மாசத்து மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, வெளியில் படுக்க வழியில்லை. தாமிர் ஒருநாள் மாட்டுக் கொட்டிலில் படுத்தான். அழுகை அங்கேயும் வந்தது. இன்னொருநாள் தோணியில் படுத்தான். கொசு அவனைத் தூக்கிக்கொண்டு போகாதது ஒன்றுதான் பாக்கி.

"கண்ணு பட்டிருக்கு," என்றாள் நஷ்மியா. "ஆம்பிளைப் பிள்ளைன்னு தெரிஞ்ச அன்னைக்கே எத்தனை பேரு வந்து எட்டிப் பாத்தாளுவ. எவ கண்ணோ."

"மைனி, கண்ணு பட்ட பிள்ளை பகல்லயும்தானே அழணும்? இவன் பகல்ல மோளக்கூட முழிக்கதில்லை," என்றாள் பத்ரிய்யா.

"நீ எல்லாத்துக்கும் ஒரு வாய் வச்சிருக்கே."

"வாய் இருக்கதுனாலதான் கேக்கேன்."

பத்ரிய்யா தோணிக்காரன் மகள். பத்து மைல் ஓடையில் தண்ணீர் ஏறுகிற ஏற்றத்தையும் இறங்குகிற வற்றத்தையும் பார்த்துத் தோணியைத் திருப்புகிற வீட்டில் வளர்ந்தவள். தண்ணீர் ஏன் இப்படிப் போகிறது என்று கேட்காமல் துடுப்பைப் போடுகிறவன் சேற்றில்தான் நிற்பான் என்று அவளுடைய வாப்பா சொல்லுவார். அந்தக் குணம் அவளுக்கு அப்படியே இருந்தது. ஒன்றைத் தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள். பார்த்துவிட்டாளோ, ஊரே நின்று சொன்னாலும் மாறமாட்டாள்.

மறுநாள் அடுத்த வீட்டு உம்மு நாஜி ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். கசகசாக் காய்த் தோலை அவித்து, பேரீச்சம்பாகு விட்டு இனிப்பாக்கின தண்ணீர்.

"ஒரு விரக்கடை நாக்குல தடவு. போதும். ஒறங்கு ஒறங்குன்னு ஒறங்குவான். என் பிள்ளைய எல்லாம் இதுல வளந்ததுதான்."

நஷ்மியா கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். தம்பி அப்போதுதான் ரெண்டாம் கயிறு ஒன்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போயிருந்தான். கட்டிவிட்டவன் ஷாக்கிர். மாட்டைக் கட்டுகிற மாதிரி முளையடித்துக் கட்டணும் என்று சொல்லிக்கொண்டே கட்டினான். அந்தக் கயிற்றைப் பார்த்ததிலிருந்து நஷ்மியா தோப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விரக்கடைதானே பத்ரி," என்றாள்.

பத்ரிய்யா எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உம்மு நாஜி, நீங்க பெத்தது எத்தனை?"

"ஏழு."

"இப்ப இருக்கது?"

உம்மு நாஜி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "ஒன் நாக்கைத்தான் மொதல்ல ஒறங்க வைக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்ரிய்யா கிண்ணத்தை வாங்கி ஓடையில் கவிழ்த்தாள். வற்றம் ஓடிக்கொண்டிருந்த நேரம், போன வேகம் தெரியவில்லை. கேட்டது கொஞ்சம் கொடுமைதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் தன் பிள்ளை விஷயத்தில் மரியாதை பார்க்க அவளிடம் நேரமில்லை.

திரும்பினால் நஷ்மியா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது, போய்விட்டது. ஊரறிந்த கதை. நாற்பது நாள் முடியாத பச்சைப்பிள்ளை. ராத்திரி விளக்கில் எண்ணெய் தீர்ந்து இருட்டாகி, அந்த இருட்டில் வந்த ஏதோ ஒன்று பிள்ளையை எடுத்துக்கொண்டு போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இந்த வீட்டில் விளக்கு அணைவதே இல்லை. நாற்பது நாள் வரைக்கும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைத்தாய்ச்சி அறையில் விளக்கு எரியும். ஜன்னலில் கறுப்புத்துணி தொங்கும். பகலில் அந்த அறையில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். நஷ்மியா நாற்பது நாள் முடிந்தும் அதையெல்லாம் விடவில்லை. முதல் பல் முளைக்கிறவரைக்கும் விளக்கை அணையவிடமாட்டேன் என்று தர்காவில் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். சாயங்காலம் ஆனால் லாந்தரின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பாள். திரியைத் தூக்கிவிட்டுத் தொட்டிலுக்கு நேர்மேலே ஆணியில் மாட்டுவாள். ராத்திரி முழுக்க ஒரு திண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எப்போது தூங்குகிறாள் என்று யாரும் பார்த்ததில்லை.

"மைனி, உங்களச் சொல்லலை," என்றாள் பத்ரிய்யா.

"தெரியும். மாவு பிசை. நேரமாச்சு."

"நாளைக்கு நான் இவனத் தூக்கிட்டுத் தோப்புக்குப் போறேன். ஆண்பூ பிரிக்க ஆள் பத்தலையாம். பகல்ல இவன் இப்படி ஒறங்கினா ராத்திரி எப்படி ஒறங்குவான்? நாமளே பகல் பூரா ஒறங்கிட்டு ராத்திரி படுத்தா ஒறக்கம் வருமா?"

"வெயிலு, காத்து, கண்ணு. பச்சைப்பிள்ளைய."

"கண்ணுக்கு நீங்க மைய வச்சு விடுங்க. நீங்க வச்சா படாது."

நஷ்மியா திட்டிக்கொண்டேதான் வைத்தாள். நெற்றிப் பொட்டில் ஒரு கரிப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, சட்டையில் ஊசிகுத்தி ஒரு நீலமணி. போதாதென்று நாலு திசைக்கும் ஊதிவிட்டாள்.

தோப்பில் ஏற்றம் வந்துகொண்டிருந்தது. பெரிய ஓடையிலிருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து மரத்தடிப் பாத்தி என்று தண்ணீர் தானாக ஏறி வந்து மரங்களைத் தொட்டது. பெண்கள் நாலைந்து பேர் மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்து ஆண்பாளையைப் பிளந்து பூச்சரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மாவு வாசனை ஊரையே தூக்கியது. பத்ரிய்யா பிள்ளையின் கட்டுத்துணியைத் தளர்த்தி, ஒரு பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தலையணை வைக்கவில்லை. மட்டைகளுக்கு நடுவே வெயில் சல்லடையாக விழுந்து அவன் முகத்தில் ஓடியது. கண்ணைச் சுருக்கினான், தும்மினான், விழித்தான்.

"யாரு அது, அபூ ஸல்வானோட மொதலாளியா?" மரத்து மேலிருந்து ஷாக்கிர் கத்தினான். "ஏ மொதலாளி, ஒங்க வாப்பாவுக்கு ஒரு நாள் லீவு குடுக்கக்கூடாதா?"

"அவன்ட்ட பேசாதே. பதில் சொன்னான்னா நிப்பாட்ட முடியாது, ஒன்ன மாதிரி," என்றான் தாமிர் அடுத்த மரத்திலிருந்து.

பத்ரிய்யா நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றில் சாய்ந்து நின்ற புருஷனின் குதிகால்தான் தெரிந்தது. அந்தக் குதிகாலைவிட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கிறவரைக்கும் தூங்கமாட்டான் என்று ஒரு கணக்கு. அவன் குரல் நின்றால் உடனே கூப்பிட்டாள். "இங்க பாருங்க, பாளை எத்தனை கட்டுனிய?" "இங்க பாருங்க, மீனு வறுக்கவா, கொழம்பு வைக்கவா?" பெண்கள் முதலில் சிரித்தார்கள். புது மாப்பிள்ளை பொண்ணு மாதிரி என்னட்டீ கொஞ்சல் என்றார்கள். விஷயம் தெரிந்தபிறகு அவர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். தாமிருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

பிள்ளை பாலைக் குடித்தான், பேச்சுச் சத்தத்திலேயே கொஞ்சம் தூங்கினான், எழுந்தான், மறுபடி பார்த்தான். பகலில் அவனுடைய கண்ணின் நிறத்தைப் பத்ரிய்யா அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சரியாகப் பார்த்தாள். தேன் நிறம். அவளுடைய வாப்பா கண்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தோளில் சாய்ந்து, வாய் திறந்து, அசந்து கிடப்பான். ஆனால் தொட்டிலில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான். அழுகை முன்னைக்குக் குறைந்திருந்தது, நிற்கவில்லை.

"பாத்தியா, வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம்," என்றாள் நஷ்மியா.

அன்றைக்குப் பத்ரிய்யா தோப்பிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். மஃரிப் நேரம். அறையில் மங்கலாக இருந்தது. அவன் கண் சொக்கிப்போய், இமை விழுந்து, கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அப்போது நஷ்மியா லாந்தரை ஏற்றிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டினாள். விழுந்த இமை திறந்துகொண்டது. பிள்ளை விளக்கைப் பார்த்தான். பத்ரிய்யா குனிந்து கொஞ்சினாள். அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளைத் தாண்டி விளக்கைப் பார்த்தான். அவள் உள்ளங்கையை நடுவில் நீட்டினாள். முகத்தைத் திருப்பி, கைக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தான். தலைத்துணியைக் கழற்றி விளக்கின்மேல் மறைத்துப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது. எடுத்தாள், திறந்தது. மறைத்தாள், சொக்கியது.

பத்ரிய்யா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

"என்ன பேய் புடிச்சிருக்கு ஒனக்கு?"

"மைனி, இவனுக்கு நாமதான் பொழுதை மாத்திப் போட்டிருக்கோம். பகல்ல ஜன்னல்ல கறுப்புத்துணியத் தொங்கவிட்டு, ஸ்ஸு ஸ்ஸுன்னு நடந்து, ராத்திரின்னு சொல்லிக்குடுத்தோம். ராத்திரி தலைக்கு மேல சூரியனக் கொண்டாந்து மாட்டிட்டு, இப்ப ஒறங்குன்னா எப்படி ஒறங்குவான்? பிள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுத கதையால்ல இருக்கு."

சொல்லிக்கொண்டே எழுந்து ஜன்னல் துணியைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. அடுத்தது விளக்குக்குக் கையை நீட்டினாள். நஷ்மியா நடுவில் வந்து நின்றாள்.

"அதத் தொடாதே."

"மைனி."

"தொட்டே, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

தாமிர் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவன் வாசலில் வந்து நின்றான். அக்காவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் புத்திசாலி.

"அவரப் பாருங்க," என்றாள் பத்ரிய்யா. "நிக்கதுக்கே நிலையப் புடிக்காரு. நாளைக்கு மறுபடி ஏறணும். இன்னும் பாதித் தோப்பு கெடக்கு. நீங்க வளத்த தம்பிதானே மைனி."

"தம்பியா பிள்ளையா, ஒருத்தரச் சொல்லுன்னு கேக்கியா?"

"ரெண்டு பேரும் வேணும்னு சொல்லுதேன். இருட்டுல ஒண்ணும் வராது. எங்க தோணியில நானும் என் தம்பி தங்கச்சியுமா ஆறு பேரு இருட்டுலதான் வளந்தோம். விளக்குக்கு எண்ணெய் ஏது எங்களுக்கு?"

நஷ்மியாவின் முகம் கோணியது. திண்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எண்ணெய் தீரலை பத்ரி."

"எது?"

"என் பிள்ளை போன அன்னைக்கு. எண்ணெய் தீந்துபோச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். தீரலை. விடியக்கால வரைக்கும் விளக்கு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் ஒறங்கிட்டேன். மூணு நாளா கண்ணு மூடலை, அன்னைக்கு மூடிருச்சு. எந்திரிச்சுப் பாத்தா பிள்ளை சில்லுன்னு கெடக்கு. நான் ஒறங்கிட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? விளக்கு அணைஞ்சிட்டுன்னு சொன்னேன். பிள்ளையோட வாப்பாட்டயும் அதத்தான் சொன்னேன். சாகுத வரைக்கும் அதான் நம்பினாரு."

தாமிர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் இது புதுசு.

"அப்பம் இந்த விளக்கு எதுக்கு மைனி?" பத்ரிய்யா மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குத்தான். வெளிச்சம் இருந்தா முழிச்சிருப்பேன். இருட்டாக்கிட்டா நான் ஒறங்கிருவேன்டீ. நான் ஒறங்கினா இவனும் போயிருவான்."

பத்ரிய்யாவுக்கு அழுகை வந்தது. அவள் சுலபத்தில் அழுகிற ரகமில்லை, ஆனாலும் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு நஷ்மியாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஒத்தையில இருந்திய. இங்க நான் இருக்கேன். தொட்டில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க. உங்க கைய அவன் நெஞ்சுல வச்சுக்கிடுங்க. வெளிச்சத்துல கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது. ஏறுது எறங்குதுன்னு சொல்லிரும். பத்து நாளு. சரியா வரலைன்னா நானே லாந்தர ஏத்தித் தாரேன், ஒண்ணுக்கு ரெண்டா."

"நேர்ச்சை?"

"நேந்தது நீங்க. எண்ணெயத் தர்காவுல கொண்டு ஊத்திருவோம். அங்க எரியட்டும், அங்க யாரும் ஒறங்கப் போறதில்லை."

வாசலில் தாமிர் சிரித்துவிட்டான். அக்கா அவனை முறைத்தாள். முறைத்துவிட்டு, எழுந்து, தானே திரியை இறக்கினாள். ஊதி அணைத்தவள் பத்ரிய்யா.

சொன்னதும் தூங்கிவிட்டான் என்றால் அது கதை. முதல் நாள் ராத்திரி இருட்டைக் கண்டு அழுதான். நஷ்மியா தீப்பெட்டியைத் தடவித் தேடினாள்.

"தீப்பெட்டி எங்கட்டீ?"

"என் இடுப்புல இருக்கு. வேணும்னா கட்டிப்புடிச்சு எடுத்துக்கிடுங்க."

மறுநாளும் அழுதான், அதற்கு அடுத்த நாளும் பாதி ராத்திரி அழுதான். பத்ரிய்யா அசையவில்லை. பசித்து எழுந்தால் இருட்டிலேயே பால் கொடுத்தாள். பேசவில்லை, கொஞ்சவில்லை, முதுகைத் தட்டி மறுபடி தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தினாள். கொஞ்சலெல்லாம் பகலுக்கு. பகலில் தோப்பில் அவனோடு ஊரே பேசியது. உம்மு நாஜியும் ஒருநாள் வந்து தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்ரிய்யா அவளுக்கு ஒரு கூடை மீன் கொடுத்தனுப்பினாள், மன்னிப்பு என்று வாயால் சொல்ல அவளுக்கு வராது. தாமிர் ரெண்டு கயிறோடு ஏறினான். ஒருநாள் கால் வழுக்கி, ரெண்டாம் கயிறு பிடித்து நிறுத்தியது. விலாவில் கயிறு தடித்திருந்ததைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்தான். குளிக்கும்போது தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நஷ்மியாவே சொன்னாள், நாளைக்கும் இவன் இப்படி அழுதால் விளக்கை ஏத்திருவேன் என்று. சரி என்றாள் பத்ரிய்யா. உள்ளுக்குள் அவளுக்குப் பயமில்லை. ஒவ்வொரு நாளும் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வற்றம் தொடங்கினால் அது முழுக்க வற்றித்தான் நிற்கும், நடுவில் திரும்பாது.

அடுத்த நாள் அவள் கண்விழித்தது சட்டை ஈரத்தில். பால் கட்டி வழிந்து, படுக்கை நனைந்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் கிடந்தது. ஓடையில் ஷாக்கிரின் குரல். "அபூ ஸல்வான், தண்ணி ஏறி எறங்கப்போகுது, என்னவே பண்ணுதீரு? உயிரோட இருக்கீரா?" தட்டிக்கு அந்தப்பக்கம் தாமிர் வாயைத் திறந்து, கையையும் காலையும் நாலு திசைக்கு எறிந்துவிட்டுத் தூங்கினான். அப்படி ஒரு தூக்கத்தை அவள் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்ததில்லை.

தொட்டிலின் அந்தப்பக்கம் நஷ்மியா. உட்கார்ந்தபடியே தொட்டில் விளிம்பில் கன்னத்தை வைத்து, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கினாள். அவள் கை பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. அந்தக் கை லேசாக ஏறியது, இறங்கியது, ஏறியது. பத்ரிய்யா அதைப் பார்த்தாள். எழுப்ப மனசு வரவில்லை.

ஷாக்கிர் ரெண்டாவது தடவை கத்தினான். நஷ்மியா விழித்தாள். வெயிலைப் பார்த்தாள். கையைத் தீச்சுட்டதுபோல இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். தொட்டிலைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பத்ரி, நீ பாரு."

"நீங்களே பாருங்க மைனி."

"நான் ஒறங்கிட்டேன்டீ. நான் ஒறங்கிட்டேன்."

"தெரியும். நல்லா ஒறங்குனிய."

கை எடுபட்ட குளிர்ச்சியோ, பசியோ, தொட்டிலுக்குள் ஸல்வான் நெளிந்தான். முகம் சிவந்தது. ஒருதரம் முனகிவிட்டு, ஓங்கி அழ ஆரம்பித்தான். நஷ்மியா கண்ணைத் திறந்தாள். தவழ்ந்தே வந்தாள். பிள்ளையை அள்ளி எடுத்துத் தன் காதோடு அவன் வாயைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள், சத்தமில்லாமல், தோள் குலுங்க.

தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து தாமிர் தூக்கக் கலக்கத்தில் கேட்டான். "என்னக்கா? ஏன் அழுவுதான்?"

"பசி," என்றாள் பத்ரிய்யா. மார் கனத்து வலித்தது. கையை நீட்டினாள். "குடுங்க மைனி, பால் குடுக்கணும்."

நஷ்மியா கொடுக்கவில்லை.

"இரு," என்றாள். "இன்னும் கொஞ்சம் அழட்டும். நான் கேட்டுக்கிடுதேன்."

பத்ரிய்யா நீட்டின கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.